இருநூற்றுப் பதினேழு கையெழுத்து

அந்தப் பல் செய்யும் கூடத்தின் மேனேஜருக்கு முகத்துக்கு நேரே 'சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் 'மூணிழுப்பு'. மாலை ஆறு மணிக்கு வாசல் கதவைப் பூட்டியதும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார். இரண்டு இழுப்போடு திருப்தி அடைந்து போனதாகத் தகவல் இல்லை. நான்காவது இழுப்பு ஒரே ஒரு நாள் நடந்தது. அன்று அவருக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு.

வயது ஐம்பத்தொன்று. கூடத்தில் இருபத்திரண்டு வருடம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும் பல்செட்டும் செய்து திருப்பி அனுப்புவார்கள். பதினான்கு கிளினிக், பத்தொன்பது ஊழியர். மேனேஜர் முதல் ஏழு வருடம் பிளாஸ்டர் அறையில் வேலை பார்த்தார். வந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, தாடை மாதிரி எடுத்து, அடியில் நம்பர் எழுதித் தட்டில் அடுக்கும் வேலை. அந்த ஏழு வருடத்தில் ஒரு தாடையைக்கூட அவர் தொலைத்ததில்லை. அதனால்தான் மேனேஜர் ஆனார் என்பது அவர் கட்சி. முதலாளியின் தங்கையைக் கட்டியதால் ஆனார் என்பது மற்ற பதினெட்டுப் பேர் கட்சி. கல்யாணம் முந்தியது, பதவி பிந்தியது, இடைவெளி பதினோரு மாதம். அதற்கு மேல் நாம் எதுவும் சொல்வதற்கில்லை.

முதலாளியை மாலை ஆறு மணிவரை 'முதலாளி' என்றும் ஆறுக்கு மேல் 'மச்சான்' என்றும் கூப்பிடுவது என அவரே ஒரு விதி வைத்திருந்தார். விதி வைப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். கணினி அறைச் சுவரில் 'தவறுப் பலகை' என்று ஒன்று மாட்டியிருந்தார். தப்பு செய்தவர் பெயர், தேதி, செய்த தப்பு, எல்லாம் அதில் சாக்குக்கட்டியால் ஒரு மாதம் நிற்கும். 'தேநீர் டம்ளரை ஸ்கேனர் மேல் வைத்தது' என்ற வரிக்குக் கீழே 'அதே நபர், அதே டம்ளர்' என்ற வரியும் இருந்தது.

இவ்வளவு கறாரான மனிதர் முகக்கதவை எப்படி வாங்கவிட்டார் என்று கேட்டால், முதலாளி ஒரு கண்காட்சிக்குப் போனதைச் சொல்ல வேண்டும். அங்கிருந்து அவர் ஒரு விற்பனையாளரோடு திரும்பினார். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஆள், அதனால் பெயர் 'கோட்டு'. கணினி அறைக்கு முகம் பார்த்துத் திறக்கும் கதவு வேண்டும் என்றார் கோட்டு. நன்றாகச் சவரம் செய்த முகத்தோடு முதலாளி மாதிரிக் கதவின் முன் நின்றார். "வணக்கம்" என்று சொல்லிக் கதவு திறந்தது. பெண்டாட்டிகூடத் தன்னை இவ்வளவு சீக்கிரம் அடையாளம் கண்டதில்லை என்று முதலாளி சிலிர்த்துப் போனார்.

"என்ன மாப்ளே, ஏதாவது கேக்கணும்னா கேளு."

மேனேஜர் இரண்டு கேள்வி கேட்டார். உத்தரவாதம் எத்தனை வருடம்? சாம்பல் நிறத்தில் கிடைக்குமா? ஐந்து வருடம், கிடைக்கும். கையெழுத்துப் போட்டார்.

கதவு பொருத்திய முதல் நாள் காலை எட்டரைக்குப் பத்தொன்பது பேரில் நான்கு பேரைத்தான் அது அடையாளம் கண்டது. பிளாஸ்டர் அறைக்காரர்கள் நாளைக்கு முப்பது தடவையாவது தாடைகளைத் தூக்கிக்கொண்டு கணினி அறைக்குள் ஸ்கேன் எடுக்க வரவேண்டும். முகத்தில் முகமூடி, முகமூடிக்கு மேலே புருவம்வரை வெள்ளைத் தூசி. பிளாஸ்டர் அண்ணன் என்று எல்லாரும் கூப்பிடும் மூத்த தொழிலாளி போய் நின்றார்.

"அறிமுகமில்லாத நபர்" என்றது கதவு.

"இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன்டா. நீ நேத்து வந்தவன்!"

"அறிமுகமில்லாத நபர்."

முகம் கழுவிக்கொண்டு வந்தார். "வணக்கம்" என்றது. உள்ளே தாடையை வைத்துவிட்டு, வாளி எடுக்க வெளியே போய்த் திரும்பினார். மறுபடி அறிமுகமில்லாதவர் ஆகிவிட்டார். மூன்றாம் நாள் அந்தக் கதவிடுக்கில் ஒரு பிளாஸ்டர் தாடை முட்டுக் கொடுத்து நின்றது. அதற்குப் பிறகு கதவு யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேனேஜர் இதைத் தினமும் பார்த்தார். தினமும் பராமரிப்பு ஏட்டில் 'கதவு நல்ல நிலையில்' என்று எழுதினார். கதவு நல்ல நிலையில்தான் இருந்தது.

இப்படி மூன்று வாரம் போனது. கடைசியில் திருடன் கதவுப் பக்கமே வரவில்லை. கடிதமாக வந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.40. கணினியில் பல் வரையும் பெண் ஒரு மின்னஞ்சலைத் திறந்தாள். வழக்கமாக வரும் கிளினிக்கின் பெயர், 'அவசரம்: மேல் தாடை ஸ்கேன்' என்ற தலைப்பு. எல்லா டாக்டரும் எல்லாவற்றுக்கும் அவசரம் என்றுதான் எழுதுவார்கள். இணைப்பை அழுத்தினாள். திரை ஒரு முறை இருண்டு வெளிச்சமானது. தாடை எதையும் காணோம். நிமிர்ந்தால் நேர் எதிரே தவறுப் பலகை. குனிந்துகொண்டாள்.

மதியம் 1.50-க்குப் பல் கடையும் இயந்திரம் ஒரு கடைவாய்ப்பல்லைப் பாதியில் விட்டு நின்றது. கையில் இருந்த அறுபத்து மூன்று கேஸின் ஃபைல்களும் திறக்க மறுத்தன. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பேசலாம் என்று எல்லாத் திரையிலும் ஒரு ஓலை.

"காலையிலயே தெரியுமா உனக்கு?" என்றார் மேனேஜர்.

"தெரியும் சார்."

"நாலு மணி நேரம் பத்து நிமிஷம்! ஏன் அப்பவே சொல்லலை?"

அவள் கண்ணை மட்டும் பலகைப் பக்கம் திருப்பினாள். மேனேஜரும் பார்த்தார். தன் கையெழுத்து அழகாக இருந்தது.

கணினி பழுது பார்ப்பவருக்குப் போன் போயிற்று. கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் வயரையெல்லாம் பிடுங்கச் சொன்னார். காலையிலேயே பிடுங்கியிருந்தால் ஒரு கணினியோடு போயிருக்கும் என்றும் சொன்னார். பிறகு, "பேக்கப் இருக்கா?" என்றார்.

"இருக்காவா?" என்றார் மேனேஜர். அந்தக் கேள்விக்காக நான்கு வருடம் இரண்டு மாதம் காத்திருந்த மனிதரின் குரல் அது.

வெள்ளிக்கிழமை தவறாமல் ஐந்தரை மணிக்கு ஊழியர் ஒருவர் முறைவைத்து ஹார்டு டிஸ்க்கில் நகலெடுப்பார். ரிஜிஸ்டரில் தேதி, 'நகலெடுத்தவர்', 'சரிபார்த்தவர்' என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் மேனேஜர் கையெழுத்து. மொத்தம் இருநூற்றுப் பதினேழு வெள்ளிக்கிழமை, இருநூற்றுப் பதினேழு கையெழுத்து. பிறகு டிஸ்க் பீரோவுக்குள் போகும். பீரோவையும் மூன்று முறை இழுப்பார்.

டிஸ்க்கை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். பின்னால் பதினெட்டுப் பேர். முதலாளி அறையில் வயரே இணைக்காமல் கிடந்த மடிக்கணினியில் சொருகினார். திரையில் தேதி வாரியாக இருநூற்றுப் பதினேழு ஃபோல்டர் வரிசையாக வந்து நின்றது. கூட்டத்தில் யாரோ கைகூடத் தட்டினார்கள். கடைசித் தேதியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு படம், மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்பு. அதை அழுத்தினார்.

அப்படி ஓர் இடம் இல்லை என்றது கணினி.

முந்தின வாரம். அப்படி ஓர் இடம் இல்லை. போன வருடம், அதற்கு முந்தின வருடம். ஒன்பது தேதி திறந்து பார்த்த பிறகு பிளாஸ்டர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சார், இது அந்தக் கதவோட அண்ணன் தம்பி போல. யாரையும் தெரியாதுங்குது."

நடந்தது இதுதான். திரையில் 'கேஸ்கள்' என்று இருந்த படம் கேஸ்கள் அல்ல, கேஸ்கள் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் ஷார்ட்கட். வீட்டைப் பத்திரப்படுத்துகிறோம் என்று வீட்டு விலாசம் எழுதிய சீட்டை வாராவாரம் பீரோவில் பூட்டியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஒரு முறை மேனேஜர் திறந்து பார்த்ததும் உண்மை. ஆனால் அதே கணினியில் திறந்தார். வீடு அங்கேயே இருந்ததால் சீட்டு நேரே வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டது. எத்தனையோ ஆயிரம் ஸ்கேன்கள் கண் சிமிட்டும் நேரத்தில் நகலானபோதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "டிஸ்க் என்ன வேகம் பாரு!" என்று மெச்சிக்கொண்டார்கள்.

அந்த முறையை நான்கு படியாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டியவர் மேனேஜர். ஊழியர்கள் ஒரு படிகூடத் தவறவில்லை.

வெளியூரில் இருந்த முதலாளி போனில் கத்தினார். "யாரு நகலெடுத்தது? யாரு அந்த மெயிலைத் திறந்தது? காலையில ஒம்பது மணிக்கு வர்றேன். எனக்குப் பேர் வேணும், மாப்ளே. பேர் வந்த ஆளு பத்து மணிக்கு இங்க இருக்கக் கூடாது."

மேனேஜர் ரிஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்துப்போனார். 'நகலெடுத்தவர்' கட்டத்தில் மூன்று ஊழியர்களின் பெயர் மாறி மாறி வந்தது. கடைசி ஆறு வாரம் பல் வரையும் பெண்ணின் பெயர். மெயிலைத் திறந்தவளும் அவளே. காகிதத்தின்படி ஒரு பெயர் தயாராக இருந்தது. பொய்யும் இல்லை.

மனைவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு ரிஜிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரிபார்த்தவர்னு இருக்கே, என்ன பார்த்தீங்க?"

"நகல் எடுத்தாச்சான்னு அவங்களைக் கேப்பேன்."

"எடுத்தாச்சும்பாங்க. கையெழுத்துப் போடுவீங்க."

"ம்."

"வீட்டுல அடுப்பை மூடிட்டு, குழாயைத் திருகிட்டு, அப்புறம் வந்து மோந்தும் பார்ப்பீங்க. ராத்திரி கொல்லைக் கதவை நான் சாத்தினா நம்ப மாட்டீங்க. அந்த டப்பாவை நாலு வருஷமாத் தொறந்து பார்க்கலை?"

"உங்க அண்ணன் என்னைத் தூக்கிடுவாரு."

"தூக்கட்டும். அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி நீங்க உக்காந்திருந்தா, நான் உங்களை என்னன்னு கூப்பிடறது? மூணிழுப்புன்னா?"

அந்தப் பெயர் வீடுவரை வந்துவிட்டது என்று அவருக்கு அன்றுதான் தெரியும்.

புதன்கிழமை 9.04-க்கு முதலாளி வந்தார். மேனேஜர் ரிஜிஸ்டரை அவர் முன் விரித்து மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"பேர் கேட்டீங்க முதலாளி. இந்தாங்க, இருநூத்திப் பதினேழு தடவை இருக்கு."

"அது உன் கையெழுத்து."

"ஆமா. தப்பான முறையைச் சொல்லிக்கொடுத்தது நான். பார்க்காமப் பார்த்தேன்னு எழுதினதும் நான். அந்தப் பொண்ணு நாலு மணி நேரம் வாயைத் திறக்கலை. அதுக்கும் என் பலகைதான் காரணம்."

முதலாளி கத்துவதற்கென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் வேறு ஆளுக்கானவை.

"கேக்கறதைக் கொடுத்துச் சாவியை வாங்கிடலாமா?" என்றார்.

"கொடுத்தா திறப்போம்னு அவன் எந்த ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கான்? என் கையெழுத்தே இந்த லட்சணத்துல இருக்கு."

முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள அறுபத்து மூணும் போய்ச் சேரணும். சேரலைன்னா திங்கக்கிழமை நீ பழையபடி பிளாஸ்டர் ரூம். தங்கச்சிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

மேனேஜர் முதலில் பலகையைத் துடைத்தார். பிறகு பதினான்கு கிளினிக்குக்கும் தானே போன் செய்தார். மென்று விழுங்காமல், எங்கள் தவறு, ஸ்கேனை மறுபடி அனுப்புங்கள் என்றார். உங்கள் பெயரில் ஒரு கள்ள மெயில் வந்திருக்கிறது, உங்களிடமும் பாருங்கள் என்று சொன்னபோது ஒரு டாக்டர் அதே இணைப்பின் மேல் விரலை வைத்திருந்தார். முப்பத்தெட்டு ஸ்கேன் திரும்பி வந்தது. இருபத்தொன்றுக்குப் பிளாஸ்டர் தாடை தட்டில் பத்திரமாக இருந்தது, மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று கேஸுக்கு கிளினிக்கிலும் ஸ்கேன் அழிந்திருந்தது. அந்த மூவரும் மறுபடி வாயைத் திறந்தாக வேண்டும்.

மீதி ஒன்று. பல்லே இல்லாத ஒரு முழு மேல் தாடை, நம்பர் 40. தட்டில் அதன் இடம் மட்டும் காலி. மேனேஜர் சேர்ந்த இருபத்திரண்டு வருடத்தில் கூடத்தில் தொலைந்த முதல் தாடை. வெள்ளிக்கிழமை மதியம்வரை அலமாரியெல்லாம் தேடினார்கள்.

பிளாஸ்டர் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "சார், அந்தக் கதவு..."

மேனேஜர் கணினி அறை வாசலில் குனிந்தார். முட்டுக் கொடுத்திருந்த தாடையை உருவினார். கதவு மூடிக்கொண்டு, "அறிமுகமில்லாத நபர்" என்றது. தாடையைப் புரட்டினார். நம்பர் 40. மூன்று வாரம் கதவு இடித்து இடித்து ஒரு பக்க ஈறு தேய்ந்து வழவழவென்றிருந்தது.

"ஏங்க, முட்டுக் கொடுக்க நோயாளி தாடைதான் கிடைச்சுதா?"

"பல்லு இருக்கிற தாடையை வச்சா பல்லு ஒடையும் சார். இதுலதான் ஒடையறதுக்கு ஒண்ணும் இல்லையேன்னு வச்சோம்."

நம்பருக்குக் கீழே நோயாளியின் விவரம் இருந்தது. மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். முதலாளியின் அம்மா. தன் மாமியார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு ஐம்பத்தொன்பது கேஸ் போய்ச் சேர்ந்தது. ஆறரைக்கு மேனேஜர் மச்சான் வீட்டுக் கூடத்தில் நின்றார், ஒரு கையில் தேய்ந்த தாடை, மறு கையில் அளவெடுக்கும் சாமான் பை. அத்தை ஒரு மாதமாகக் கஞ்சியும் கோபமுமாக இருந்தாள்.

"வாங்க மாப்பிள்ளே. பல்லு கொண்டாந்தீங்களா?"

"இல்லை அத்தை." நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார்.

அத்தை தாடையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இது என் வாயா?"

"ஆமா அத்தை."

"என் வாயைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தீங்க."

"ஆமா."

"அந்தக் கதவை வாங்கினது யாரு?"

முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான்தாம்மா."

"கையெழுத்துப் போட்டது?"

"நான்தான் அத்தை."

"ரெண்டு பேரும் அந்தக் கதவுல மூஞ்சியைக் காட்டினீங்களே, வேலை செய்யறவன் மூஞ்சியைக் காட்டினீங்களா? இப்ப மறுபடி அந்த அளவெடுக்கிற மாவை என் வாயில திணிக்கணும், இல்லையா? அது தொண்டை வரைக்கும் போறப்ப எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? மாப்பிள்ளே, பையில மாவு இருக்கா?"

இருந்தது. அளவெடுக்கும் தட்டு இரண்டும் இருந்தன.

"முதல்ல நீங்க ரெண்டு பேரும் வச்சுக்கங்க. இறுகுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. நான் கடிகாரத்தைப் பார்க்கறேன்."

கூடத்தின் முதலாளியும் மேனேஜரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் நிறைய இளஞ்சிவப்பு மாவோடு, கடைவாயில் நீர் ஒழுக மூன்று நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நாளில் அவர்கள் சண்டை போடாமல் இருந்த மூன்று நிமிடம் அதுதான்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மேனேஜர் பழைய மேலங்கியை மாட்டிக்கொண்டு பிளாஸ்டர் அறையில் நின்றார். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இங்க என்ன பண்றே?"

"அறுபத்து மூணுன்னீங்க முதலாளி. நாலு குறையுது."

"அட, நான் ஏதோ கோவத்துல..."

"சொன்னது சொன்னதுதான்."

"சார், இங்க நிக்கவே இடம் இல்ல. மேல போய் உக்காருங்க" என்றார் பிளாஸ்டர் அண்ணன். மேனேஜர் போகவில்லை. நான்கு கேஸும் முடியும்வரை காலையில் பிளாஸ்டர், மதியம் மேனேஜர் நாற்காலி என்று ஒன்பது நாள் ஓடியது. அத்தையின் தாடையை அவரே ஊற்றினார். ஒன்பதாம் நாள் முதலாளி தானாக வந்து கேட்டார்: "இனிமே அந்த வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டரை யாரு பார்க்கறது?"

"நான்தான். ஆனா கையெழுத்துக் கிடையாது."

"பின்ன என்ன?"

"பல்லு."

அன்றுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் நகலெடுத்த டிஸ்க்கை வயரில்லாத மடிக்கணினியில் சொருகி, கண்ணை மூடி ஒரு கேஸைத் தொடுவார். அதிலிருந்து ஒரு பல்லைக் கடைந்தெடுப்பார்கள். பல் வந்தால் பேக்கப் இருக்கிறது. அதன் அடியில் தேதி எழுதி ஒரு கண்ணாடி ஜாடியில் போடுவார். பதினான்காவது வாரம் பல் வரவில்லை. டிஸ்க் கெட்டிருந்தது. அன்று மாலையே வேறு டிஸ்க் வந்துவிட்டது, யாருக்கும் வியர்க்கவில்லை. பலகை இருந்த இடத்தில் இப்போது ஒரே வரி: 'ஐந்து நிமிடத்துக்குள் சொன்னவரைத் திட்டக் கூடாது.' முகக்கதவு கழன்றுபோய் சாதாரணக் கதவு வந்தது. வெளியார் நுழைந்தால் யார் என்று கேட்கிற வேலையைப் பிளாஸ்டர் அண்ணன் ஏற்றுக்கொண்டார். கதவைவிட மோசமாகக் கேட்கிறார்.

கோட்டு மறுபடி வந்தார். எல்லா ஃபைலையும் வானத்தில் பத்திரமாக வைக்கும் திட்டம், படங்கள் இருபது.

"நல்லா இருக்கு" என்றார் மேனேஜர். "இந்தாங்க, ஒரு பழைய கேஸ். வானத்துல வைங்க, இங்க அழிச்சிடுங்க. அப்புறம் என் கண்ணு முன்னாடி திரும்ப இறக்குங்க. பல்லு கடைஞ்சு பார்த்துக்கலாம்."

"சார், டெமோவுல அந்த வசதி இல்ல. வாங்கினப்புறம்..."

"அது முடியற அன்னிக்கு வாங்க. வரும்போது முகத்துல கொஞ்சம் பிளாஸ்டர் பூசிக்கிட்டு வாங்க."

ஜாடியில் முப்பத்தொன்றாவது பல் விழுந்த வாரம், ஒரு புதன்கிழமை காலை 11.07-க்கு மேனேஜரின் போன் அடித்தது. முதலாளி. குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"மாப்ளே, திட்டாதே. பரிசு விழுந்திருக்குன்னு ஒண்ணு வந்துச்சு. அழுத்திட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு நாலு."

மேனேஜர் மணியைப் பார்த்தார். மூன்று நிமிடம்.

"வயரைப் பிடுங்குங்க மச்சான், இதோ வர்றேன்" என்றார். ஆறு மணி ஆக இன்னும் ஏழு மணி நேரம் கிடந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.